புழு கற்றுத்தந்த ரம்பம்

1946-ஆம் ஆண்டு இலையுதிர்காலம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உள்ள ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் விறகு வெட்டிக்கொண்டிருந்தார். பெயர் ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ். காட்டு மரம் வெட்டிப் பழகியவர். பக்கத்து அடிக்கட்டையில் ஏதோ நெளிவது தெரிந்தது. கோடரியை வைத்துவிட்டுக் குனிந்தார். ஆட்காட்டி விரல் அளவில் ஒரு வெள்ளைப் புழு. மர வண்டின் இளம்பருவம். உடம்பில் ஓர் எலும்புகூடக் கிடையாது. ஆனால் உளுத்துப்போகாத நல்ல மரத்துக்குள் தன் போக்கில் வழி போட்டுக்கொண்டு போனது.

காக்ஸை வியக்க வைத்தது அது போன திசை. மரம் என்பது நார்களின் கட்டு. கரும்பை நினைத்துக்கொள்ளுங்கள். பல்லால் நீளவாக்கில் உரித்தால் சரசரவென்று வரும். குறுக்கே கடித்தால் பல்தான் போகும். தச்சர்கள் நீளவாட்டுக்கு ஒரு ரம்பம், குறுக்குவாட்டுக்கு ஒரு ரம்பம் என்று வைத்திருப்பது அதனால்தான். இந்தப் புழுவுக்கோ இரண்டும் ஒன்று. நாரோடும் போனது, நாருக்குக் குறுக்கேயும் போனது.

வாயை உற்றுப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. இரண்டு தாடைகள். ஒவ்வொன்றும் அரிவாள் போல உள்பக்கம் வளைந்தது. இடது தாடை ஒரு சீவு, வலது தாடை ஒரு சீவு. இரண்டும் மரத்தைச் சுரண்டவில்லை, சீவி எடுத்தன. அந்தக் காலத்துச் சங்கிலி ரம்பங்களின் பற்கள் மரத்தைச் சுரண்டித் தூளாக்கின. சீக்கிரம் மழுங்கின. மரம் வெட்டுகிறவர் அறுப்பதைப் போலவே அரம் போடுவதற்கும் நேரம் செலவழித்தார். காக்ஸ் போர்ட்லாண்ட் நகரில் இருந்த தன் வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து, புழுவின் இரண்டு தாடைகளை எஃகில் வடித்தார். இடம், வலம், இடம், வலம் என்று மாறி மாறி வளைந்த பற்கள். 1947-இல் அந்தச் சங்கிலி விற்பனைக்கு வந்தது. இன்று உலகில் ஓடும் சங்கிலி ரம்பங்களில் பெரும்பாலானவற்றின் பற்கள் அந்த வடிவத்தின் வழிவந்தவையே.

ஓரிகன் காடுகளில் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்கள் பலர் இன்று வண்டியின் பின்னால் ஒரு சங்கிலி ரம்பத்தையும் போட்டுக்கொண்டு போகிறார்கள். காற்றில் விழுந்த மரம் பாதையை மறித்துக் கிடந்தால் அறுக்க வேண்டும். இரவுக் கணப்புக்கு விறகு வேண்டும். நாலைந்து கிலோ எடையுள்ள கருவிதான். அதை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் விதிகள் ஏராளம். ஆனால் கருவிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், அந்த விதிகளில் பலவற்றை நாமே சொல்லிவிடலாம்.

சைக்கிள் செயினைப் போல ஒரு சங்கிலி. நீண்ட எஃகுப் பட்டை ஒன்றின் விளிம்பைச் சுற்றி அது ஓடுகிறது. 40 சென்டிமீட்டர் பட்டையில் ஓடும் சங்கிலியில் சுமார் 28 வெட்டுப்பற்கள் இருக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சின்னதாக ஒரு மேடு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை நிர்ணயிப்பது அந்த மேடுதான். ஆழமானி என்று சொல்லலாம். பல்லின் நுனிக்கும் இந்த மேட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் சுமார் 0.65 மில்லிமீட்டர். உங்கள் பர்ஸில் இருக்கும் ஏடிஎம் அட்டையின் கனத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரு பல் ஒரு தடவைக்கு அவ்வளவுதான் எடுக்கிறது.

மலை போன்ற மரம் சாய்வது வேகத்தால். முழு விசையில் சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் போகும் பேருந்தின் வேகம். ஒரு நொடியில் 500-க்கும் மேற்பட்ட பற்கள் மரத்தைத் தொட்டுப் போகின்றன. காக்ஸ் பார்த்த புழு ஒன்றல்ல, 500 புழுக்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு கடி கடித்தால் எப்படியோ, அப்படி. ரம்பம் கூராக இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவும் புழுவின் பாடமே போதும். கீழே விழுவது சீவல் சீவலாக இருந்தால் கூர். மாவு போன்ற தூளாக இருந்தால் மழுங்கல். மழுங்கிய ரம்பம்தான் ஆபத்தானது. அறுபடவில்லையே என்று நாம் அழுத்துவோம். அழுத்துகிற கை வழுக்கும்.

சங்கிலியால் அறுக்கும் யோசனை காட்டில் பிறந்ததல்ல, மருத்துவர்களிடம் பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் ஐட்கென், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு ஸ்காட்லாந்து மருத்துவர்கள் எலும்பை அறுக்கப் பல் வைத்த மெல்லிய சங்கிலியைப் பயன்படுத்தினார்கள். பிரசவம் சிக்கலாகும்போது இடுப்பெலும்பின் இணைப்பை விலக்குவதும் அதன் வேலைகளில் ஒன்று. 1830-இல் ஜெர்மனியின் பெர்னார்ட் ஹைனே கைப்பிடியைச் சுழற்றினால் சங்கிலி ஓடும் எலும்பு ரம்பத்தைச் செய்தார். மரத்துக்கு வந்தது ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து. 1926-இல் ஆந்திரேயாஸ் ஷ்டீல் செய்த மின்சார ரம்பத்தின் எடை 64 கிலோ. தூக்க இரண்டு பேர் வேண்டும். இன்று அதே வேலையைச் செய்யும் ரம்பத்தின் எடை ஒரு சின்ன அரிசிப் பையின் அளவு.

எடை குறைந்ததற்கு ஒரு காரணம் இரு வீச்சு எஞ்சின். பழைய மொபெட்டுகளிலும் ஆட்டோக்களிலும் இருந்த வகை. பங்க்கில் பெட்ரோலோடு டூ-டி ஆயில் கலந்து ஊற்றியது நினைவிருக்கும். ரம்பத்துக்கும் அதே கதை. வழக்கமான கலவை 50-க்கு 1. அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். காரில் இருப்பதுபோல எண்ணெய் தேங்கி நிற்கும் தொட்டி எஞ்சினுக்கு அடியில் இல்லை. எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போய் உராய்வைத் தடுக்கிறது. அதனால் ரம்பத்தைச் சாய்த்தாலும் கவிழ்த்தாலும் எஞ்சின் காய்ந்துபோகாது. நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் நொடிக்கு 200 வெடிப்பு.

கவிழ்த்தாலும் நிற்காததற்கு இன்னொரு ரகசியம் உண்டு. மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரில் ஒரு சின்னக் கிண்ணமும் அதில் ஒரு மிதவையும் இருக்கும். வண்டி படுத்தால் பெட்ரோல் ஒழுகும், எஞ்சின் நிற்கும். ரம்பத்தில் மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு. எஞ்சினுக்குள் ஒவ்வொரு சுற்றிலும் காற்றழுத்தம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் சவ்வு துடித்துத் துடித்துப் பெட்ரோலை இழுத்துத் தள்ளுகிறது. எந்தக் கோணத்தில் பிடித்தாலும் நிற்காத ஒரு குட்டி இதயம்.

எஞ்சின் ஓடும்போதும் சங்கிலி அசையாமல் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? உள்ளே மையவிலக்கு கிளட்ச் வேலை செய்கிறது. ராட்டினம் வேகமெடுத்தால் நாம் வெளிப்பக்கம் தள்ளப்படுவதுபோல, எஞ்சின் வேகமெடுத்தால் சுழலும் உலோகத் துண்டுகள் ஸ்பிரிங்கை மீறி வெளியே விரிந்து, சுற்றியுள்ள உருளையைப் பிடித்துக்கொள்ளும். உடனே சங்கிலி ஓடும். விசையை விட்டால் துண்டுகள் சுருங்கும், சங்கிலி நிற்கும். விசையைத் தொடாதபோதும் சங்கிலி நகர்ந்தால் ஏதோ கோளாறு. அந்த ரம்பத்தை அன்றைக்கு எடுக்கக்கூடாது.

பட்டையின் மூக்கு நுனியில்தான் இந்தக் கருவியின் கோபம் இருக்கிறது. நேரான விளிம்பில் ஓடும் வரை ஆழமானி பல்லைக் கட்டுப்படுத்துகிறது. மூக்கில் வளையும்போது கண்ணி சாய்கிறது. ஆழமானி தாழ்கிறது. பல் எழும்பிவிடுகிறது. அந்த நேரத்தில் மூக்கின் மேல் கால்வாசிப் பகுதி ஒரு கிளையைத் தொட்டால், பல் அளவுக்கு மீறிக் கடித்துச் சிக்கிக்கொள்ளும். மணிக்கு 72 கிலோமீட்டரில் ஓடிய சங்கிலியின் வேகம் வேறு எங்கே போகும்? பட்டையே மேலே எகிறி, ரம்பம் பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கி வரும். பின்னுதைப்பு என்று பெயர்.

நம் இலக்கணம் கண்ணிமைக்கும் பொழுதை மாத்திரை என்று அளந்தது. பின்னுதைப்பு ஒரு மாத்திரைக்குள் முடிந்துவிடும். ஆபத்தைக் கண்டு கை அசைய நமக்குச் சுமார் 0.2 நொடி தேவை. அதற்குள் சங்கிலி 4 மீட்டர் ஓடியிருக்கும். ஆகவே பொறியாளர்கள் மனிதனை நம்பவில்லை. முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் பிளாஸ்டிக் தடுப்பைப் பாருங்கள். கையைக் காப்பதோடு அதுவே பிரேக்கின் நெம்புகோல். நிற்கும் பேருந்து திடீரென்று கிளம்பினால் உள்ளே நிற்பவர் பின்னால் சாய்கிறார் அல்லவா? அதேபோல ரம்பம் எகிறும்போது தடுப்பு மட்டும் தன் நிலையிலேயே பின்தங்கும். அந்தப் பின்தங்கலே பிரேக்கைத் தட்டிவிடும். எஃகுப் பட்டி ஒன்று கிளட்ச் உருளையை இறுக்கும். சுமார் 0.15 நொடியில் சங்கிலி நின்றுவிடும். 1970-களில் பரவிய இந்த ஏற்பாடு எத்தனையோ முகங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இரண்டு கையாலும் பிடி, இடது கட்டைவிரலைக் கைப்பிடிக்கு அடியில் சுற்றிப் பிடி, தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதே, உடம்பை ரம்பத்தின் பாதையிலிருந்து இடப்பக்கம் ஒதுக்கி வை. இந்த நான்கு விதிகளும் பின்னுதைப்பிலிருந்து பிறந்தவை. கட்டைவிரல் சுற்றியிருந்தால்தான் எகிறும் கைப்பிடி கையை விட்டு நழுவாது. இரண்டு அடி எடுத்து வைப்பதானாலும் பிரேக்கைப் போட்டுவிட்டு நடக்க வேண்டும். இழுத்துக் கிளப்பும்போது ரம்பம் தரையில் இருக்க வேண்டும், பின்கைப்பிடியைக் கால் மிதித்திருக்க வேண்டும். காற்றில் தூக்கிப் பிடித்துக் கயிற்றை இழுப்பது சினிமாவுக்கு மட்டும்.

கால்களைக் காக்கும் உடை இன்னும் விசித்திரம். வெட்டுத்தடுப்புக் கால்கவசம் என்று அதை அழைக்கலாம். எஃகு போலக் கெட்டியாக இருக்கும் என்று நினைப்போம். உண்மையில் சுலபமாகக் கிழிகிறது. கிழிவதுதான் அதன் தந்திரம். ஸ்கூட்டர் சக்கரத்தில் துப்பட்டா சிக்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். உடைக்குள் இருக்கும் நீளமான, உறுதியான இழைகளைச் சங்கிலி வெளியே இழுக்கிறது. இழைகள் சங்கிலியை ஓட்டும் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு ரம்பத்தையே நிறுத்துகின்றன. சாலையில் உயிரை எடுக்கும் விபத்து, இங்கே காலைக் காக்கும் தொழில்நுட்பம்.

காதுக்கு ஆபத்து சத்தமாக வருகிறது, ஆனாலும் சொல்லாமல் வருகிறது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது அமெரிக்கப் பணிப்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். பெட்ரோல் ரம்பத்தின் சத்தம் 100-ஐத் தாண்டி 110 வரை போகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். 109 என்றால் இரண்டு நிமிடம்கூட இல்லை. ஒரு சினிமாப் பாட்டின் முதல் சரணம் முடிவதற்குள் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும். காதுமூடி போடுங்கள். பக்கத்துக் கூடாரத்தில் தூங்குகிறவருக்குக் காதுமூடி கிடையாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ரம்பம் பாதி ஆபத்து என்றால் மரம் மறு பாதி. விழுந்து கிடக்கும் மரம் சும்மா கிடப்பதாகத் தோன்றும். இரண்டு கற்களுக்கு நடுவே போட்ட பலகையில் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பலகையின் மேற்பக்கம் நெருக்குண்டு கிடக்கும், அடிப்பக்கம் இழுபட்டு நிற்கும். பள்ளத்தின் குறுக்கே கிடக்கும் மரமும் அதே நிலைதான். மேலிருந்து அறுத்துக்கொண்டே போனால் பாதியில் வெட்டு வாய் மூடி, கதவிடுக்கில் விரல் மாட்டுவதுபோலப் பட்டை மாட்டிக்கொள்ளும். நெருக்குண்ட பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மீதியை இழுபட்ட பக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நிற்கும் மரத்துக்கு இது தலைகீழ். விழுந்த மரத்துக்கு அடியில் வளைந்து சிக்கிய இளமரமோ நாணேற்றிய வில். தொட்டால் தெறிக்கும். அனுபவமில்லாதவர்கள் விலகிப்போவதே நல்லது.

தலைக்கு மேலேயும் பார்க்க வேண்டும். முறிந்தும் விழாமல் தொங்கும் கிளைகளை அமெரிக்க மரவெட்டிகள் விதவையாக்கி என்று அழைக்கிறார்கள். பெயரே போதும். அதற்கடியில் ரம்பத்தையும் ஓட்டாதீர்கள், கூடாரத்தையும் அடிக்காதீர்கள். நிற்கும் மரத்தை வெட்டுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. தங்கப் போனவர்களுடையது அல்ல.

ஓரிகன் கோடையில் காடு காய்ந்த வைக்கோல்போர். எஞ்சினின் புகைக்குழாயிலிருந்து கனலும் கரித்துகள் ஒன்று பறந்தால் போதும். அதனால் புகைக்குழாயில் மெல்லிய கம்பி வலை உண்டு. பொறித்தடுப்பு வலை. அதன் கண்கள் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அதுவும் போதாது என்று தீக்காலத்தில் பிற்பகலில் ரம்பம் ஓட்டத் தடை போடுவார்கள். வெயிலும் காற்றும் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. ஆந்தை கத்தும் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கி மதியத்துக்குள் முடிக்கும் அந்தப் பழக்கத்துக்கு மரவெட்டிகள் ஆந்தையின் பெயரையே வைத்தார்கள். அறுத்து முடித்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே நின்று புகை எழுகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோலை ஆறிய எஞ்சினில்தான் ஊற்ற வேண்டும். ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளிப்போய்த்தான் கிளப்ப வேண்டும். கணப்புக்குப் பக்கத்தில் வைத்து ஊற்றவே கூடாது.

சங்கிலிக்குத் தனியே ஓர் எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. அந்த எண்ணெய் திரும்பி வருவதில்லை. சங்கிலியில் ஏறி, சுற்றி, தெறித்து, மண்ணில் விழுகிறது. ஒரு தடவை பெட்ரோல் நிரப்பி ஓட்டினால் சுமார் ஒரு டம்ளர் எண்ணெய் காட்டுத் தரைக்குப் போகும். மட்கக்கூடிய தாவர எண்ணெய் வகைகள் கடைகளில் கிடைக்கின்றன. ஓடைக்கரையில் அறுக்கிறவர்கள் அதை வாங்கலாம்.

எங்கே அறுக்கலாம் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் முகாம் இடங்களில் சங்கிலி ரம்பம் ஓட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் ஒருபடி மேலே போனது. அந்தச் சட்டத்தில் சேர்ந்த காடுகளுக்குள் எஞ்சினே வரக்கூடாது. பாதையை மறிக்கும் மரத்தை வனத்துறையினரே இரண்டு பேர் நின்று இழுக்கும் பழைய கைரம்பத்தால் அறுக்கிறார்கள். மற்ற தேசியக் காடுகளில் விழுந்து காய்ந்த மரத்தை விறகுக்கு எடுக்கலாம். அதற்கும் அந்தந்தக் காட்டின் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விழுந்த மரம் வீணான மரம்தானே என்று தோன்றும். ஓரிகனின் எச்.ஜே. ஆண்ட்ரூஸ் ஆய்வுக்காட்டில் மார்க் ஹார்மன் என்ற அறிவியலாளர் 1985-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். 500-க்கும் மேற்பட்ட மரத்துண்டுகளைக் காட்டில் போட்டுவைத்து, அவை மட்குவதைக் கவனிக்கும் சோதனை. திட்டமிட்ட காலம் 200 ஆண்டுகள். தொடங்கியவரின் கொள்ளுப்பேரன் காலத்திலும் முடியாது. மரம் மட்கும் வேகம் அப்படி. அந்தக் காலம் முழுவதும் அது பூஞ்சைக்கும் வண்டுக்கும் பல்லிக்கும் வீடு. மழைக்காடுகளில் புதிய கன்றுகள் செத்த மரத்தின் முதுகிலேயே முளைக்கின்றன. காக்ஸ் பார்த்த புழுவும் அப்படியொரு செத்த மரத்தில்தான் குடியிருந்தது. அந்தக் கட்டையை யாராவது முந்தைய வாரமே எரித்திருந்தால்?

இந்தக் கதையில் இன்னொரு புழு உண்டு. ஆசியாவைச் சேர்ந்த மரகதப் பச்சை வண்டு ஒன்றின் புழு. ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் குடைந்து, நீரும் உணவும் ஓடும் திசுக்களை அறுத்து மரத்தைக் கொல்கிறது. 2002-இல் டெட்ராய்ட் நகரத்துக்கு அருகே கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் கோடிக்கணக்கான மரங்கள் செத்தன. வண்டு தானாகப் பறந்தால் ஆண்டுக்குச் சில கிலோமீட்டர்தான் பரவும். விறகுக்குள் புழுவாக ஒளிந்து வண்டியில் ஏறினால் ஒரே நாளில் பல நூறு கிலோமீட்டர். 2022-இல் ஓரிகனின் ஃபாரஸ்ட் குரோவ் ஊரில் அது தென்பட்டது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் முதல் தடவை. காக்ஸ் சங்கிலி செய்த போர்ட்லாண்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள். அதனால்தான் முகாமுக்குப் போகிறவர்களிடம் வனத்துறை திரும்பத் திரும்பச் சொல்கிறது: விறகை எரிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வாங்குங்கள், மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கணப்புக்கு வேண்டியது உண்மையில் கொஞ்சம்தான். மணிக்கட்டு கனத்துக்கு உட்பட்ட காய்ந்த சுள்ளிகளே நன்றாகப் பற்றும், மிச்சமில்லாமல் சாம்பலாகும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது புகையத்தான் செய்யும். ஆகவே ரம்பத்தைக் கிளப்புமுன் கட்டையைக் காலால் மிதித்துப் பாருங்கள். ஒடிந்தால் ரம்பம் வண்டியிலேயே இருக்கட்டும். ஒடியாவிட்டால், அதற்குள் யாராவது குடியிருக்கிறார்களா என்று ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள்.